இச்சாப்பூர்த் துப்பாக்கிக்கு என்ன விலை?

போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் த்ரீ நாட் த்ரீ என்கிற .303 துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவேன். ஆனால் அந்த இரும்புக்குப் பழம்பொருள் மதிப்பு ஒன்று உண்டு என்பதே அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அங்கே பழைய துப்பாக்கிகள் விற்கும் ஒரு சந்தைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

நாங்கள் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் பேரல் தேய்ந்திருக்கிறதா, போல்ட் சிக்குகிறதா என்றுதான் பார்ப்போம். அங்கே வாங்க வந்தவர்கள் டார்ச் அடித்து முத்திரைகளைப் படித்தார்கள். மரப் பின்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தின் வலப்பக்கம் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இச்சாப்பூர்ச் சரக்கு. அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ.யும் இருந்தால் நம் குடியரசின் சரக்கு. போல்டிலும் உடலிலும் ஒரே எண் இருந்தால் ஒரு விலை, மாறியிருந்தால் வேறு விலை. பழுதானால் கைக்கு வந்த போல்டை மாட்டி, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் மூடியதும் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடைவெளி, சரியாக இருந்தால் போதும் என்று அனுப்பிவைத்த எங்களைப் போன்றவர்களால் எத்தனை துப்பாக்கிகளின் விலை இறங்கியதோ!

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. இரண்டு உலகப் போர்களுக்கும் .303 லீ-என்ஃபீல்டுகளைச் செய்து கொடுத்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே பழைய வடிவத்தை நல்ல எஃகில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றினார்கள். 12 தோட்டா பிடிக்கும் சதுரமான மேகசினைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். முதலில் வந்த 2ஏ-யில் குறிபார்க்கும் பட்டை 2000 வரை. அடுத்து வந்த 2ஏ1-இல் 800 வரைதான். இரண்டாயிரத்தில் எந்தச் சிப்பாய் குறி வைத்தான்? குறைத்தது சரிதான்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் படிக்கவேண்டியது .410 மஸ்கட். நல்ல .303 பேரலைக் குடைந்து, உள்ளே சுழல்வரியே இல்லாமல் வழவழப்பாக்கி, மேகசின் குழியில் ஒரு மரக்கட்டையை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கியிருப்பார்கள். போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தது இதைத்தான். தோட்டாவும் தனி: .303 கூட்டையே கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டது. திருட்டுப் போனால் தோட்டா கிடைக்காது. கலகம் வந்தால் பட்டாளத்தின் முன் நிற்காது. 1857 கலகத்தை பிரிட்டிஷார் மறக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன ஆவணம் வேண்டும்? அமெரிக்காவில் பல பேர் இதன் அறையைக் கடைசலில் திருத்தி, கடையில் கிடைக்கும் .410 தோட்டா போடும்படி செய்துகொண்டார்களாம். சேகரிப்பவர்கள் அப்படித் தொட்டதைச் சீந்துவதில்லை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

தொட்டுக் கெடுத்த கதை அங்கே ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாக வந்து குவிந்த என்ஃபீல்டுகளின் மரத்தை அறுத்து, மான் வேட்டைக்கு எடுத்துப் போனார்கள். தபாலில் வாங்கிய இத்தாலியக் கார்கானோவால் கென்னடி கொல்லப்பட்டது 1963-இல். அதைத் தொடர்ந்து வந்த 1968 சட்டம் ராணுவ உபரித் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை போட்டது. 1980-களில் பழம்பொருள்களுக்கு மட்டும் கதவு திறந்தது. இறக்குமதி செய்பவர் தன் பெயரைத் துப்பாக்கியில் பொறித்தாக வேண்டும். அந்தப் பொறிப்புக்கும் விலையில் கழிவு உண்டு.

போலியும் உண்டு. பெஷாவர் பக்கம் தர்ரா ஆதம் கேலில் அரத்தை வைத்தே முழுத் துப்பாக்கியும் செய்துவிடுவார்கள். 1907 மாடலில் விக்டோரியாவின் வி.ஆர். முத்திரை இருக்கும், ராணி போய்ச் சேர்ந்ததோ 1901-இல்!

இந்தியாவுக்குத் திரும்பினால், உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்தது. நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட துளை அளவு. சாதாரண லைசென்சுக்குக் கிடைக்காது. லைசென்சுக்காரர்களுக்கு என்று அதே இச்சாப்பூர், அதே லீ-என்ஃபீல்டு போல்டை வைத்து .315 செய்து விற்கிறது. அதைச் சேகரிக்கிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.