பரங்கிமலைப் பாறையும் சார்னாக்கின் கல்லறையும்

கிண்டிக்குத் தென்மேற்கே, சமதளமான நிலப்பரப்பிலிருந்து சுமார் 300 அடி உயரத்துக்கு எழும் பரங்கிமலை, புனித தோமையாரோடும் 1523ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயத்தோடும் சேர்த்தே பேசப்பட்டு வந்ததால், அதன் பாறைக்கு உலக நிலவியலில் உள்ள இடம் சென்னை நகரத்தாருக்கே தெரியாமல் போயிற்று.

இம்மலையும் இதனை அடுத்த பல்லாவரம் குன்றுகளும் பேச்சுவழக்கில் கருங்கல் எனப்படும் பாறையால் ஆனவையே எனினும், இது சாதாரண கிரானைட் அன்று. கிரானைட்டில் காணப்படும் கருமைக்கா போன்ற கனிமங்கள் தம் அமைப்பிலேயே சிறிதளவு நீரைக் கொண்டவை. நிலவோட்டின் அடியாழத்தில், 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் அந்நீர் வெளியேறும்போது, இரும்பும் மக்னீசியமும் கலந்த ஹைபர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமம் அவற்றின் இடத்தில் உருவாகிறது. இவ்வாறு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் உருப்பெற்ற பாறையே, மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டபின் இன்று குன்றாகத் தலைகாட்டுகிறது. வெயில்மழை பட்ட புறத்தோல் பழுப்பேறியிருப்பினும், புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கரும்பச்சையாகவும், அதிலுள்ள படிகக்கல் மணிகள் நீலம் பாய்ந்தும் தோன்றும். காகிதத்தினும் மெல்லிதாகத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் வைத்துச் சுழற்றினால், ஹைபர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு நிறம் மாறும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து, கல்கத்தா புனித யோவான் ஆலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது பதித்த கல் இம்மலைப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893இல் இப்பாறை வகைக்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். 1900இல் வெளியிட்ட விரிவான நூலில், இது கற்குழம்பு உறைந்து உண்டான பாறை என்றே அவர் கருதினார். இதன் தோற்றம் பற்றிய விவாதம் அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. சார்னாக்கைக் கல்கத்தாவின் நிறுவனர் எனக் கொள்ளலாகாதென 2003இல் அந்நகர உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. பாறைக்கு வாய்த்த பெயரோ இலங்கை, நார்வே, அண்டார்டிகா வரை வழங்குகிறது. கல் பிறந்த மலையை விட்டு, அது கிடந்த கல்லறைக்குரியவருக்குப் புகழ் சென்றது விந்தையே.

இப்பாறையின் உறுதிக்குச் சான்றாக, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைவித்த குடைவரை இன்றும் நிற்கிறது.

பரங்கிமலைச் சார்னோகைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. ஆலயத்துக்குப் படியேறுவோர் வழியில் பாறை முகத்தையும் சற்று நின்று நோக்க வேண்டும். கிண்டி வட்டாரப் பள்ளிகளும் கல்லூரிகளும் தம் மாணவரை ஒருமுறையேனும் அழைத்துவந்து இதனைக் காட்டுதல் வேண்டும்.