புற்றுக்கலத்தின் உணவும் உடலின் காவலும்: இரு சிந்தனை மரபுகளின் சந்திப்பு

புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், தனித்தனியே வளர்ந்த இரு சிந்தனை மரபுகள் ஒரே வினாவில் வந்து சந்தித்தமையே அதன் முக்கிய அம்சம் எனலாம்.

முதலாவது மரபு அனுசேபம் பற்றியது. 1920களில் பேர்லினில் ஆய்வு நடத்திய ஒட்டோ வார்பேர்க், ஒட்சிசன் போதியளவு உள்ளபோதும் கட்டி இழையங்கள் குளுக்கோசைப் பெருமளவில் இலற்றிக்கமிலமாக மாற்றுவதைக் கண்டார். கலச்சுவாசம் பழுதுறுவதே நோயின் மூலகாரணம் என 1956இலும் அவர் வற்புறுத்தினார். ஆயின் பல புற்றுக்கலங்களில் சுவாசம் பழுதின்றி நிகழ்வதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. விளக்கம் வீழ்ந்தது, மரபணுவியல் மேலோங்கிய காலத்தில் அவதானிப்பும் அதனோடு புறக்கணிக்கப்பட்டது.

இரண்டாவது மரபு நிர்ப்பீடனம் பற்றியது. நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி 1891இல் கட்டியினுள் பற்றீரியாக்களைச் செலுத்தி, உடலின் எதிர்ப்பைத் தூண்ட முயன்றார். பின்னர் கதிர்ச்சிகிச்சை அம்முறையைப் பின்தள்ளியது. ரி-கலங்களைக் கட்டுப்படுத்தும் தடையொன்றை நீக்கினால் எலிகளில் கட்டிகள் அழிவதை ஜேம்ஸ் அலிசன் குழுவினர் 1996இல் காட்டினர். இவ்வழியில் உருவான இப்பிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் நோயாளர் பலர் இம்மருந்துகளால் பயன்பெறவில்லை. இதற்கான காரணங்களுள் ஒன்றை 2015இல் வெளியான எலி ஆய்வுகள் சுட்டின: கட்டி குளுக்கோசை உறிஞ்சிக்கொள்ள, அதனுள் நுழையும் ரி-கலங்கள் பட்டினியால் வலுவிழக்கின்றன. வார்பேர்க்கின் அவதானிப்பு இவ்வாறு புதிய பொருளுடன் மீண்டது. எனினும் தூண்டப்பட்ட ரி-கலமும் குளுக்கோசை அதே முறையிலேயே பயன்படுத்துகிறது. ஆகவே பகைவனின் உணவை மறிக்கும் மருந்து காவலனையும் வாட்டக்கூடும்.

இச்சிக்கலின் ஆழத்தை 2018 உணர்த்தியது. திரிப்தோபன் எனும் அமினோவமிலத்தைச் சிதைத்து ரி-கலங்களை நலிவிக்கும் நொதியத்தைத் தடுக்கும் எப்பக்கடோஸ்டற், பெம்புரோலிசுமாப்புடன் சேர்த்து 700க்கு மேற்பட்ட மெலனோமா நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டது. மேலதிக நன்மை எதுவும் தென்படவில்லை.

இத்தோல்வி இரு மரபுகளின் இணைப்பையே பொய்ப்பித்துவிடவில்லை. புற்றுக்கலத்தைத் தனிப்பொருளாக நோக்காது, சூழவுள்ள கலங்களோடு அது கொள்ளும் உறவில் வைத்து நோக்கவேண்டும் என்பதையே இவ்வரலாறு வலியுறுத்துகிறது. அவ்வுறவில் எக்கலம் எவ்வுணவை எப்போது நாடுகிறது என்பதை அறியாது தொடுக்கும் தாக்குதல், காவலனையே வீழ்த்தக்கூடும்.