யாருக்கும் தெரியாமல் விழுங்கும் மாத்திரை: புதுக்கோட்டைக் கிராமங்களில் மனநோயும் குடும்ப மானமும்

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், ஓட்டு வீட்டு அடுப்படியில், புளிப்பானைக்குப் பின்னால் பழைய மஞ்சள்தூள் டப்பா இருந்தது. அந்த வீட்டு அம்மா அதைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த மாத்திரைகள். மேலெல்லாம் மஞ்சள் படிந்து, சில நமுத்தும் போயிருந்தன. மருந்தின் பேர் அச்சிட்ட தகட்டை ஒவ்வொரு மாதமும் அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறார். அக்கம்பக்கத்தில் கேட்டால் "ரத்தம் கம்மி, அதுக்குத் திங்கிறா" என்பார். மகளுக்கு இருப்பது மனச்சிதைவு. நான்கு ஆண்டாக மாத்திரை விடாமல் போகிறது. மகள் ஆடு பார்க்கிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள், தம்பி பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேன் ஏற்றிவிடுகிறாள்.

இந்த அம்மாவிடம் "விழிப்புணர்வு இல்லை" என்று யாரால் சொல்ல முடியும்? இது நோய் என்று அவருக்குத் தெரியும். மருந்தில் குணமாகும் என்றும் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் பத்து நாளில் தூக்கம் கெடும், இருபதாம் நாள் பேச்சு மாறும் என்று கணக்காகச் சொல்கிறார். தெரிந்திருந்தும் மறைக்கிறார். மனநோயைப் பற்றிய நம் பொதுப்பேச்சு அறியாமையைத்தான் எதிரியாக நிறுத்தி வந்திருக்கிறது. பேரணி, துண்டறிக்கை, உலக மனநல நாளான அக்டோபர் 10ஆம் தேதி உறுதிமொழி என்று எல்லாமே அந்த எதிரியை நோக்கியே போகின்றன. கிராமத்து வெட்கத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அது சம்பந்தம் பேசும் திண்ணையில் இருக்கிறது. ஆகவே மனத்தை மாற்றும் பேச்சைக் காட்டிலும், சிகிச்சைக்குப் போகும் பாதையை மாற்றுவதே முதல் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மறைப்பின் நியாயம்

ஆர். தாராவும் டி. என். ஸ்ரீனிவாசனும் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தார் 159 பேரிடம் நடத்திய ஆய்வு 2000இல் வெளிவந்தது. எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டபோது முன்னால் வந்த பதில்கள் மூன்று: கல்யாணம், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், வெளியே தெரியாமல் மறைக்கவேண்டிய கட்டாயம். 2003இல், மணவாழ்வு முறிந்த 75 பெண் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு இன்னும் கசப்பான உண்மையைச் சொன்னது. அந்தப் பெண்களையும் அவர்கள் வீட்டாரையும் நோய் குத்தியதைவிட "வாழாவெட்டி" என்ற நிலை ஆழமாகக் குத்தியிருந்தது. நகரத்திலேயே இப்படியென்றால், மூன்று தலைமுறை உறவும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம்.

சட்டமும் இந்தப் பயத்துக்குக் காரணம் தருகிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு மனக்கோளாறை மணவிலக்குக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நோயின் பேர் மட்டும் போதாது, அதன் கடுமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பஞ்சாயத்துப் பேச்சுக்கு வந்து சேரவில்லை. மருந்துச் சீட்டு கையில் சிக்கினால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் இங்கே புழங்கும் சட்ட அறிவு. அப்படியிருக்கத் தகட்டை எரிக்கும் தாயைப் பழமைவாதி என்பது அநியாயம். இருக்கும் நிலைமையில் மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

"மூளையில் சுரக்கும் வேதிப்பொருளின் கோளாறு, சர்க்கரை நோய் மாதிரிதான் இதுவும்" என்று விளக்கினால் வெட்கம் குறையாதா என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் பெர்னிஸ் பெஸ்கொசொலிடோ குழுவினர் 1996இலும் 2006இலும் மக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். பத்தாண்டுகளில் மனநோய் மூளை சார்ந்தது என்று ஏற்றவர்கள் கூடியிருந்தார்கள். ஒதுக்கும் மனப்பான்மை குறையவே இல்லை. நம் ஊர்க் கணக்கில் இது வியப்பே இல்லை. மூளைக்கோளாறு என்றதும் சம்பந்தி வீட்டார் அடுத்துக் கேட்பது "அப்ப பரம்பரையா வருமோ?" என்பதைத்தான். அறிவியல் விளக்கம் இங்கே வெட்கத்துக்கு வேறு சட்டை போட்டுவிடுகிறது, அவ்வளவே.

சொல்லும் உடம்பும்

சென்னை மனநல மருத்துவமனையின் வேர் 1794 வரை போகிறது. அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871இல். அதன் பிறகு ஊர்ப் பேரே வசையாகிவிட்டது. சென்னையைக் கண்ணால் பார்க்காத கீரனூர்ச் சிறுவனும் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று திட்டுவான். 'பைத்தியம்' என்ற சொல்லை விலக்கி நாம் ஆக்கிக்கொண்ட கலைச்சொல்லாவது உதவியதா? 'மனச்சிதைவு' என்பதைக் காதில் வாங்கிப் பாருங்கள். சிதைந்தது ஒட்டாது என்பதே தமிழ்க் காதுக்குக் கிடைக்கும் பொருள். குணமாகக்கூடிய நோய்க்கு இப்படியொரு பேர் வைத்தது நம் தவறு. ஜப்பானில் இதே நோயின் பேர் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் 2002இல் அதை மாற்றினார்கள். அதற்கு முன் நோயாளியிடம் நோயின் பேரைச் சொல்லத் தயங்கிய மருத்துவர்கள் சில ஆண்டுகளில் பெரும்பாலும் சொல்லத் தொடங்கினார்கள். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் உழைப்பவர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும்.

கிராமத்தார் சொற்களிலோ ஒரு நுட்பம் இருக்கிறது. மனச்சோர்வு என்று யாரும் வந்து சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை கிர்ருங்குது", "ஒடம்பெல்லாம் எரியுது", "ஒரே யோசனையா இருக்கு" என்பார்கள். ஆர். ரகுராமும் மிட்செல் வைஸும் பிறரும் பெங்களூரில் 80 நோயாளிகளிடம் ஆய்ந்து 1996இல் எழுதியது இதை விளக்கும். மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக்கூட வெட்கமும் கூடியது. உடல்வலியாகச் சொன்னவர்களிடம் வெட்கம் குறைவாக இருந்தது. உடம்பு வலி எல்லோருக்கும் வருவது, அதைச் சொன்னால் கல்யாணம் தடைப்படாது. ஆக, உடம்பின் மொழி அறியாமையால் வருவதில்லை. மானம் போகாமல் உதவி கேட்க மக்கள் கண்டுபிடித்த மொழி அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் "எரியுது" என்று வரும் பெண்ணுக்கு வைட்டமின் ஊசி போட்டு அனுப்புகிறவர், அவள் தட்டிய கதவைத் திறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜிம்பாப்வேயிலும் இதே கதைதான். அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு வழங்கும் சொல்லுக்கு 'அதிகமாக யோசிப்பது' என்று பொருள். மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல், சுகாதார நிலைய வளாகத்தில் மரபெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்தார். முதலில் அதன் பேர் 'மனநல பெஞ்சு'. ஆள் வரவில்லை. பாட்டிமார்கள் சொன்னபடி 'நட்பு பெஞ்சு' என்று மாற்றியதும் வரத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் நிலை நம்முடையதற்கு மிக அருகில் இருக்கிறது. குடும்பமே எல்லாம், வீட்டு விஷயம் வாசல் தாண்டக்கூடாது, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லலாம், மனநோய் என்று சொல்லக்கூடாது. அவர்களுக்காக மனச்சோர்வைப் பற்றிப் புகைப்படக்கதை ஒன்று ஆக்கி, முதியோர் கல்விப் பள்ளியொன்றில் 157 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் புகைப்படக்கதை, மறு பகுதியினருக்கு எளிய துண்டறிக்கை. நோயைப் பற்றிய அறிவு இரு பக்கமும் கூடியது. மருந்து சாப்பிடுவதைப் பற்றிய வெட்கமோ கதை படித்தவர்களிடமே அதிகம் குறைந்தது. 2013இல் வெளிவந்த இந்த முடிவு என் வாதத்துக்கு முக்கியமானது. அறிவு ஏறுவதும் வெட்கம் இறங்குவதும் வெவ்வேறு காரியங்கள்.

கோயில் வாசல்

திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் இப்பகுதியார் எல்லோரும் அறிந்தது. ஏர்வாடி தர்காவுக்கும் போவார்கள். கோடாங்கியிடம் உடுக்கடித்துக் குறி கேட்பார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். கோயிலுக்குப் போவதில் வெட்கம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "பேய் பிடிச்சிருக்கு" என்றால் குற்றம் பேயின்மேல் போகிறது, பெண் மீள்கிறாள். பேய் ஓட்டியபின் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம். மருத்துவம் இப்படித் திரும்பிவரும் வழியைத் தருவதில்லை.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. நம்பிக்கைத் தலங்களைப் புகழ்ந்து பேசுகிற யாரும் அந்தச் சங்கிலியைத் தாண்டிப் போகக்கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்திருக்கிறது. ஆனால் அந்தத் தீயின் பழியைப் பக்தியின்மேல் போட்டுவிட்டு நகர்வதும் சரியாகாது. அவர்களை அங்கே கட்டிவைத்ததில் குடும்பங்களின் கையறுநிலைக்கும் காப்பக வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. அதே காலத்தில், 2000இல், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் ஆய்ந்தார்கள். மருந்தில்லாமல், குடும்பத்தோடு, கோயில் வேலை செய்துகொண்டு சராசரி ஆறு வாரம் இருந்தவர்களின் அறிகுறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மருந்துக்கு மாற்று கோயில் என்று இதிலிருந்து முடிவு கட்ட மாட்டேன், எண்ணிக்கை சிறியது. ஏச்சில்லாத இடம் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று. ஏர்வாடி தர்காவை ஒட்டியே அரசு மனநல மருத்துவத்தைக் கொண்டுபோய் வைத்தது இந்த வகையில் சரியான முடிவு.

பேருந்து, மிதிவண்டி

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சொந்த அனுபவம் இரண்டு உண்டு. முதலாவது, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் இம்மாவட்டத்தில் நடத்திய பேருந்து மருத்துவம். வண்டிக்குள் ஆலோசனை அறை, திரை, மருந்தகம். மருத்துவர் சென்னையில் இருப்பார், நோயாளி ஊருக்குள் நின்ற வண்டியில் ஏறிப் பேசுவார், இறங்கும்போது மாத்திரையோடு இறங்குவார். விடியக்காலை பஸ் பிடித்து, ஒருநாள் கூலியை விட்டு, "எங்க போயிட்டு வர்றீக?" என்ற கேள்விக்குப் பொய் தேடவேண்டியதில்லை. ஆனால் வண்டி ஊர் நடுவே நிற்கும், ஏறுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். இது குறை என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏறியவர் ஆறு மாதம் கழித்து வயலில் நிற்பதையும் அதே கண்கள் பார்க்கின்றன.

இரண்டாவது அனுபவம் மருத்துவம் சார்ந்ததே இல்லை. 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இங்கே நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அதற்கு முன் சைக்கிளில் ஏறிய பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசியது என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்றும் சொல்வார்கள். பெண்ணுரிமைச் சொற்பொழிவைக் கேட்டு ஊர் திருந்தியதாக அவர்கள் யாரும் சொல்வதில்லை. கல்குவாரியில் வேலை செய்த பெண் ஓட்டினாள், அங்கன்வாடிக்காரர் ஓட்டினார், பக்கத்து வீட்டுக்காரியும் ஓட்டினாள். பத்துப் பேர் ஒன்றாக ஓட்டும்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது? மனநோயில் நமக்கு இல்லாமலிருப்பது இந்தப் பத்துப் பேர்தான். குணமானவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனியாக, மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலில் தருகிறார்கள். அந்தப் பையில் மனநல மாத்திரைக்கும் இடம் வேண்டும். மருத்துவர் உறுதிசெய்து, தொடர்ந்து சாப்பிடவேண்டும் என்று எழுதிய மாத்திரைகள் மட்டும் வந்தால் போதும். 2017 சட்டம் உடல்நோயாளிக்கும் மனநோயாளிக்கும் சமமான சிகிச்சை என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. ஒரே பையில் வருவதைவிட அந்தச் சமத்துவத்தைக் கண்ணுக்குக் காட்ட வேறென்ன வழி?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மற்ற மாத்திரைகளோடு கலந்து கொடுப்பது மறைப்புக்குத் துணைபோவதாகாதா, வெட்கத்தை அப்படியே விட்டுவைப்பதாகாதா? ஆகும்தான், கொஞ்ச காலத்துக்கு. ஆனால் வெட்கம் போகட்டும், பிறகு மருந்து தரலாம் என்று காத்திருந்தால் இழப்பு முழுக்க நோயாளிக்கே. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சை இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை முதலில் போய்ச் சேர வேண்டும். தேறி நடமாடுகிறவர்கள் ஊரில் பெருகினால்தான் ஒருவர் வாய்திறக்க மற்றவர் துணை நிற்க முடியும். மறைவாகத் தொடங்குகிற சிகிச்சைகூட வெளிச்சத்துக்கு ஆள் சேர்க்கிறது. மேடை ஏறிப் பேசும் சுமையை முதல் நாளே நோயாளியின் தலையில் ஏற்றுவதை நான் ஒப்பவில்லை. ஊர் சுமக்கவேண்டியது அது.

நான் கிளம்பும்போது அந்த அம்மா டப்பாவை மூடிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அவருக்கும் பிரஷர் உண்டு. மாத்திரைப் பையோடு வீட்டுக்கு வரும் பெண்ணின் பேரைச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தப் புள்ளகிட்டச் சொன்னா எம் மகளோடதையும் சேத்தே கொண்டாந்து குடுக்குமா? குடுத்தா அட்டையோட வச்சுக்கிருவேன்."