டயான் லெதரும் ஐந்து நிமிட மைலும்: பெண்களின் நடுத்தூர ஓட்டத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை

1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி முடித்தார். விளையாட்டில் ஆர்வமில்லாதவர்களும் கேள்விப்பட்டிருக்கும் செய்தி இது. சரியாக 23 நாள் கழித்து, மே 29 அன்று, பர்மிங்காமின் அலெக்சாண்டர் மைதானத்தில் 21 வயது டயான் லெதர் அதே தூரத்தை 4 நிமிடம் 59.6 வினாடியில் கடந்தார். ஐந்து நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் அவரே. பேனிஸ்டரின் நேரம் உலக சாதனையாக ஏற்கப்பட்டது. லெதரின் நேரத்தை எழுதிவைக்கச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பின் ஏட்டில் பக்கமே இல்லை. பெண்களின் மைல் ஓட்டத்தை அது சாதனைக்குரிய போட்டியாகவே கருதவில்லை.

இதன் வேரைத் தேடினால் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் முதன்முதலாக அங்கேதான் நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் வென்றார். ஆனால் பதினோரு பேர் ஓடியதாகவும், ஐந்து பேர் பாதியிலேயே துவண்டு விலகியதாகவும் ஒரு கதை பத்திரிகைகளில் பரவியது. உண்மையில் இறுதிப் போட்டியில் ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். பெண்ணுடல் இவ்வளவு தூரம் தாங்காது என்ற முன்முடிவுக்கு இந்தப் பொய் வாகாக அமைந்தது. போட்டி நீக்கப்பட்டது. அது ஒலிம்பிக்குக்குத் திரும்ப 32 ஆண்டுகள் ஆயின. லெதரின் வாழ்க்கையை இந்த இடைவெளியோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் கனம் புரியும்.

1933இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஸ்ட்ரீட்லியில் பிறந்த லெதர் முதலில் ஹாக்கி ஆடியவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் தந்த உந்துதலில் பர்மிங்காமின் பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். பயிற்சியாளர் டோரெட் நெல்சன் நீல். பிழைப்புக்கு வேதியியல் ஆய்வகப் பணி, அதற்கு வெளியே ஓட்டம். சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் அவர் எட்டிய நேரங்களே பெண்ணுடலைப் பற்றிய அந்த வாதத்துக்குப் போதுமான மறுப்பு.

1954 மே 26 அன்று 5 நிமிடம் 0.2 வினாடி. வெறும் 0.2 வினாடியில் கைநழுவிய எல்லையை மூன்றே நாளில் தாண்டினார். நான்கு சுற்றுகளாகப் பிரித்தால் சராசரியாகச் சுற்றுக்கு 75 வினாடிக்குச் சற்றே குறைவு. 1955 மே மாதம் 4:50.8, அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று 4:45.0. ஏறத்தாழ 16 மாதத்தில் 14.6 வினாடி குறைந்திருக்கிறது. இவ்வளவு விரைவாகத் தகரும் ஒன்றை உடலின் எல்லை என்று எப்படிச் சொல்வது? ஓட வாய்ப்பில்லாததால் அதுவரை யாரும் தொடாமல் கிடந்த எல்லை அது என்றே நான் கருதுகிறேன். 4:45.0 என்ற நேரத்தை 1962 டிசம்பரில் நியூசிலாந்தின் மரீஸ் சேம்பர்லின் முறியடிக்கும்வரை, ஏழு ஆண்டுகள், எவரும் மிஞ்சவில்லை.

அவர் உச்சத்தில் இருந்த 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்தது. பெண்களுக்கு அங்கிருந்த மிக நீளமான தனிநபர் ஓட்டம் 200 மீட்டர். உலகின் அதிவேகப் பெண் மைல் ஓட்டக்காரருக்கு ஓடுவதற்கு ஒரு போட்டிகூட இல்லை! 1954 பெர்ன், 1958 ஸ்டாக்ஹோம் ஐரோப்பியப் போட்டிகளின் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். இரண்டு முறையும் முந்தியவர்கள் சோவியத் வீராங்கனைகள். 1960இல் ரோமில் 800 மீட்டர் மீண்டும் வந்தபோது, மணமாகி டயான் சார்ல்ஸ் என்ற பெயரில் ஓடிய அவர் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். அத்தோடு 27 வயதில் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பின்னாளில் சமூகப் பணியாளராக இருந்து, 2018இல் மறைந்தார்.

பெண்களின் மைல் சாதனையைக் கூட்டமைப்பு ஏற்கத் தொடங்கியது 1967இல். 1500 மீட்டர் ஒலிம்பிக்கில் நுழைய 1972 மியூனிக்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லெதரின் மைல் நேரங்கள் அனைத்தும் ஏற்பு பெறாத சிறந்த நேரங்களாகவே நின்றுவிட்டன. அதிகாரப்பூர்வப் பட்டியலின் முதல் வரியில் இருப்பவர், 1967 ஜூனில் 4:37.0 ஓடிய இன்னொரு பிரிட்டிஷ் வீராங்கனை ஆன் ஸ்மித்.