மூன்று விசைகளின் வரலாறு

சிவகாசி அச்சுத்தொழிலார்க்கு ஆடிப்பெருக்கு முக்கியமான நாள். வரும் ஆண்டுக்கான நாட்காட்டி ஆல்பங்கள் அன்றுதான் வெளியாகும். 2001இல், மாணவராயிருந்த நாங்கள் கல்லூரி ஆண்டு மலரைத் தூக்கிக்கொண்டு அங்கோர் டி.டி.பி. கூடத்திற்குச் சென்றது அந்த நெருக்கடியான வேளையில். பக்கங்களைத் திருத்திக்கொண்டிருக்கையில் திரை உறைந்தது. மவுஸ் அசையவில்லை. பணியாளர் இரு கைகளாலும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினார். சேமிக்காத பதினொரு பக்கத் திருத்தங்களும் போயின. அவர் முகத்தில் சலனமே இல்லை.

அம்மூன்று விசைகளை இணைத்தவர் டேவிட் பிராட்லி. 1981 ஆகஸ்ட் 12இல் அறிமுகமான ஐபிஎம் பிசியை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவர். சோதனையின்போது எந்திரம் உறைந்தால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கவேண்டும்; நினைவகச் சோதனை முடியும்வரை காத்திருக்கவேண்டும். இக்காத்திருப்பைத் தவிர்க்கவே அவர் குறுக்குவழி ஒன்றை அமைத்தார். முதலில் தேர்ந்தவை கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடப்பக்கமே இருந்தமையால் கை தவறிப் பட்டுவிடும் என்றஞ்சி, எஸ்கேப்புக்கு மாற்றாக வலப்பக்கத்து டெலீட்டைக் கொண்டனர். அன்றைய விசைப்பலகையில் கண்ட்ரோலும் ஆல்ட்டும் இடப்பக்கம் மட்டுமே உண்டு. ஆகவே இரு கைகளும் வேண்டியிருந்தன. பொறியாளர்க்கென வைத்த வழி பின்னர் ஊரறிந்ததாயிற்று.

அக்காலத்தில் அது முழு எந்திரத்தையும் மீளத் தொடங்கும் விசை. உறைந்த ஒன்றை மட்டும் நீக்கும் வசதி 1992இன் விண்டோஸ் 3.1இல் வந்தது, எனினும் அதில் ஒரு செயலி தானாக வழிவிட்டால்தான் மற்றது இயங்கும். ஒன்று அடம்பிடித்தால் எல்லாம் நின்றன. 1995இன் விண்டோஸ் 95, இயங்கும் செயலிகளைப் பட்டியலிட்டு, வேண்டாததை முடிக்கச் சொன்னது. 1996இல் என்.டி. 4.0 டாஸ்க் மேனேஜரைத் தந்தது. என்.டி. வகையில் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவிடம். பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடுவதைக் கண்டவர்க்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் 'பதிலளிக்கவில்லை' என்னும் முத்திரை மரணச் சான்றிதழ் அன்று. ஒரு செயலி ஐந்து வினாடிகள் தனக்கு வரும் செய்திகளை எடுக்காதிருந்தாலே விண்டோஸ் அவ்வாறு கருதும். பெரும்படம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கும் செயலியும் அப்படித்தான் மௌனம் காக்கும். வட்டின் விளக்கு மினுங்குகிறதா என்று பார்த்துப் பொறுப்பவர்கள் இருந்தனர். எங்கள் பணியாளர் பார்க்கவில்லை. நாட்காட்டி வேலை அவரைத் துரத்திற்று.

மலர் வெளிவந்தது. இருமுறை திருத்தப்பட்டமையால் அப்பதினொரு பக்கங்களில் மட்டும் எழுத்துப்பிழை குறைவு.