ஸுஹலின் மறைந்த துணைகள்

அரபு மொழியில் ஸுஹல் எனப்படும் சனிக் கோளை, 1610இல் கலீலியோ தம் எளிய தொலைநோக்கியால் நோக்கினார். நடுவில் பெரியதொன்றும் இருபுறமும் சிறியவை இரண்டுமாகத் தெரிந்தமையால், மூன்று கோள்கள் என்றே அவர் முடிவு செய்தார். 1612இல் மீண்டும் பார்த்தபோது துணைகள் இரண்டையும் காணவில்லை. மார்க் வெல்சருக்கு எழுதிய மடலில் தம் திகைப்பை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவருடைய கண்டுபிடிப்பினும் இந்நேர்மையையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

1659இல் ஹைகன்ஸ் விளக்கமளித்தார்: கோளை எங்கும் தொடாத மெல்லிய தட்டை வளையம் அது, விளிம்பு நம்மை நோக்கித் திரும்புங்கால் கண்ணுக்குப் புலப்படாது. 2025 மார்ச்சிலும் அவ்வாறே திரும்பியது.

இன்று ஐம்பது மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கியே வளையத்தைக் காட்டிவிடும். கண்ணருகு லென்ஸில் கைப்பேசியை வைத்துப் படமும் எடுக்கலாம். கை நடுங்காதிருக்க வேண்டும், அவ்வளவே.