அக்காவின் மாத்திரை



நைனார்பாளையத்தில் இருக்கும் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருக்கிறது. தினமும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று போன மாதம் பத்து நாள் தானாகவே நிறுத்திவிட்டார். அவருக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அன்று இந்த மாத்திரையே இல்லை. 1962இல் இங்கிலாந்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் கருத்தடை ஆராய்ச்சிக்காக இதை உருவாக்கினார். கருத்தடைக்கு உதவவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் புற்றுநோய் செல்களை வளர்ப்பதை இது தடுத்தது. 1973இல் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது.

மருந்து வீட்டு அலமாரிக்கு வந்ததும், கவனமும் நம் பொறுப்பாகிவிட்டது. தினம் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்காதீர்கள். கல்வராயன் மலை மூலிகைப் பொடியானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே சேருங்கள். ஒரு கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இப்போது அக்கா மாத்திரை போட்டதும் காலண்டரில் கோடு போடுகிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், ஒரு நாளும் விடவில்லை.